நூலில் அளந்த கிணறு

உங்களில் எத்தனை பேர் கையால் கயிறு இழுத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். நம் வயதில் தூக்கிய கையை இறக்க இன்னொரு ஆள் வேண்டும். இறைத்தவர்களுக்கு நான் சொல்லப் போவது சட்டென்று புரியும். குழாயைத் திருகியே வளர்ந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடையைப் பற்றித்தான் சொல்கிறேன், அதுவும் என் அம்மாவைப் பற்றி. என்ன, பெருமையடிக்கிறாளே என்று தோன்றினால், ஆமாம், அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஆரணியில் பட்டு நெய்கிற தெரு ஒன்றின் கோடியில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அங்கே அம்மாவுக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை. பட்டு நூலில் பசை போக அலச வேண்டும், சாயம் காய்ச்ச வேண்டும், சாயம் ஏறிய பிறகு மறுபடி மறுபடி அலச வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்ணீர். காலையில் கயிற்றைத் தொட்டால் பொழுது சாய்கிற வரை அம்மா விடமாட்டாள். அவள் என் தலையைத் தடவினால் உள்ளங்கைக் காய்ப்பில் முடி சிக்கிக்கொண்டு வரும். அப்பா கண்ணமங்கலம் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டு வாரத்துக்கு ஒரு நாள் வருவார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. தெருவில் அம்மாவுக்குத் தண்ணிக்காரம்மா என்று பேர், எனக்குத் தண்ணிக்காரம்மா பொண்ணு என்று பேர்.

பட்டறை வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வேகவைத்த பட்டுக்கு ஒரு ஈர நாற்றம் உண்டு, புழு வாசனையும் சோப்பு வாசனையும் கலந்தது. பட்டறைக் கால்வாயில் ஒரு நாள் அரக்கு ஓடும், ஒரு நாள் கிளிப்பச்சை ஓடும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பார்த்தே உள்ளே என்ன நூல் வேகிறது என்று சொல்லிவிடுவோம்.

பட்டறைக்கும் தெருவுக்கும் ஒரே கிணறுதான். உறை இறக்கின, குறுகலான கிணறு. ஐப்பசி மழையில் தண்ணீர் மேலே வரும், சித்திரையில் பாதாளத்துக்குப் போகும். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு நீள வேண்டும் இல்லையா? அதோடு கயிறு தேயும், தேய்ந்த இடத்தை வெட்டி முடிச்சுப் போட்டால் குறையும். ஆகவே கோடை வந்தாலே அம்மா பட்டறை முதலாளியிடம் போய்ப் புதுக் கயிறு கேட்டு நிற்பாள். அவரோ கிணற்றுக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவர்.

“போன தபா குடுத்த கயிறு இன்னா ஆச்சி? ஊர்ல எவன் மாட்டக் கட்டினுகிறான்?” என்பார்.

 அந்தக் கேள்வியை முதல் தடவை கேட்ட நாளிலிருந்து அம்மா ஒரு வேலை செய்ய ஆரம்பித்தாள். பட்டறையில் பெருக்கித் தள்ளுகிற அறுந்த நூல்களை எடுத்து, முடிச்சுப் போட்டு, நாலைந்து இழையாக முறுக்கி வைத்துக்கொள்வாள். அமாவாசையன்று நம் பக்கம் தறி ஓடாது, பட்டறையும் திறக்காது. கிணறு ராத்திரி முழுக்க ஓய்ந்து, தண்ணீர் தன் இடத்துக்கு வந்து நின்றிருக்கும். விடிந்ததும் முதல் குடம் இறங்குவதற்கு முன்னால் போய், நூலின் நுனியில் கனத்துக்கு ஒரு இரும்பு நட்டைக் கட்டிக் கைப்பிடிச் சுவரிலிருந்து உள்ளே விடுவாள். மேலே எடுத்து, நனைந்த இடம் ஆரம்பிக்கிற புள்ளியில் ஒரு முடிச்சுப் போட்டு அறுத்துவிடுவாள். மாதத்துக்கு ஒரு நூல். அந்த மாதம் பட்டறையில் எந்த நிறம் அதிகம் ஏறியதோ அந்த நிறம். வரிசை மாறாமல் ஒரு கயிற்றில் கோத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருப்பாள்.

“எதுக்குமா இது?” என்று கேட்டேன்.

“ஒரு நாளு கேப்பாங்க. அப்ப காட்டலாம்” என்றாள்.

யார் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கோடையில் ஊருக்குள் ஒரு அரசாங்க ஜீப் வந்தது. நிலத்தடியில் என்ன கல், எங்கே தண்ணீர் என்று பார்க்கிற இலாகா. ஒரு அதிகாரியும் டிரைவரும் பயணியர் விடுதியில் தங்கி, வெம்பாக்கம், தேசூர் என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். குன்றடியில் கல்லை ஒரு தட்டுத் தட்டி, சில்லை எடுத்து, துணிப்பையில் போட்டு, பையின்மேல் நம்பர் எழுதுவார். தங்கம் தேடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. எங்கள் அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. “நானும் பதினஞ்சு வருஷமா ஒடைக்கிறேன், ஒருத்தனும் ஒரு கல்ல துணில சுத்தி வெக்கல” என்றார்.

பிறகு ஜீப் தெருக்களுக்குள் வந்தது. கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளக்கப் போகிறார்களாம். எங்கள் தெருவுக்கு நாளை மறுநாள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். தெரு நாட்டாமைக்கு அன்றைக்கே கை கால் ஓடவில்லை. அவர் நல்ல நெசவாளி, நல்ல மனுஷர். ஆனால் வாழ்நாளெல்லாம் சேலையை மடித்து, தட்டி, பளபளப்பாக்கி வியாபாரி முன்னால் விரித்தே பழகியவர். ஒரு பொருளை ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் அது அன்றைக்கு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் சட்டம்.

“கவர்மெண்ட் ஆளு வந்து எட்டிப் பாக்கும்போது அடிச்சேறு தெரிஞ்சா இன்னா மரியாத? தண்ணி இல்லாத தெருன்னு எழுதிட்டான்னா நாளைக்கு சாயப்பட்டறைய வேற ஊருக்கு மாத்தச் சொல்லுவான். பொண்ணு குடுக்கறவன்கூட யோசிப்பான். ரெண்டு நாளு யாரும் எறைக்காதீங்க. ஆத்துல ஊத்து தோண்டி வண்டில கொண்ணாந்து ஊத்துங்க” என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், தெருவே திரண்டது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பீப்பாய் வண்டிகளில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றில் கவிழ்த்தார்கள். பெண்கள் தங்கள் பங்குக்குக் குடம் குடமாகச் சுமந்தார்கள். முதலாளி பட்டு வாங்கப் பெங்களூர் போயிருந்தார். அம்மா தேசூரில் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். பரீட்சை இருந்ததால் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். நானும் சுமந்தேன். பன்னிரண்டு குடம், எண்ணி ஊற்றினேன். “தண்ணிக்காரம்மா பொண்ணுன்னா சும்மாவா!” என்று நாட்டாமை முதுகில் தட்டினார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். இரும்புப் பட்டை அளவுநாடாவின் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்து உள்ளே விட்டார். வெளியே எடுத்து, சாக்கட்டிப் பூச்சு நனைந்திருந்த இடத்தைப் பார்த்தார். முப்பத்தொரு அடி. நோட்டில் எழுதிக்கொண்டு, “அடுத்த தெருவுல நாப்பதுக்குக் கீழ இருக்கு. இங்க மட்டும் எப்படி?” என்று கேட்டார். நாட்டாமை சிரித்தபடி, “எங்க கெணறு எப்பவுமே அப்டித்தான் சார்” என்றார். ஒரு வாரம் கழித்து வேலூர் போகிற வழியில் வந்து கிணற்றுச் சுவரில் நம்பர் எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஜீப் போயிற்று. நாங்கள் கைதட்டினோம்.

அன்று சாயங்காலம் அம்மா திரும்பி வந்து கயிற்றை விட்டவள், “தண்ணி ஏறி இருக்குதே” என்று ஆச்சரியப்பட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான். இரண்டு நாளில் ஊற்றின தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போய், கிணறு பழையபடி இறங்கிவிட்டது. கயிறு எட்டவில்லை. முதலாளியும் ஊரிலிருந்து வந்துவிட்டார். அம்மா வழக்கம்போலப் போய் நின்றாள், நான் அவள் பின்னால் நின்றேன்.

“கவர்மெண்ட்டே வந்து அளந்துட்டுப் போயிருக்கு, முப்பத்தொரு அடின்னு. உங்கிட்ட நாப்பது அடிக் கயிறு கீது. இன்னும் கயிறு கேக்கற. இத்தினி வருஷமா என் கயித்த திருடிகினு இருந்துருக்கற நீ.”

“கெணத்துல வந்து பாருங்க மொதலாளி.”

“நான் எதுக்குப் பாக்கணும்? பட்டைய வுட்டு அளந்துருக்கான். வர்ற அமாவாசையோட நின்னுக்கோ. வேற ஆளு பாத்துக்கறேன்.”

வேலை போவதைக்கூட அம்மா தாங்கியிருப்பாள். திருடி என்ற சொல் பட்டறை வாசலில், பத்துப் பேர் காதுபட விழுந்தது. அங்கே நாட்டாமையும் இருந்தார். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். பயந்தவர் என்பதும், ஒரு தெருவின் பயத்தை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தார் என்பதும் புரிய எனக்கு நரை விழ வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா உலைவைத்தாள். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆற்று ஊற்று, பீப்பாய், என் பன்னிரண்டு குடம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“எத்தினி கொடம்?”

“பன்னெண்டு.”

“நான் எறைக்கறேன், எம் பொண்ணு ஊத்தறா. நல்லா கீது குடும்பம்” என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். 

பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பட்டு நூல். பட்டறையில் வேலை செய்கிறவள் வீட்டில் பட்டு நூல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? கயிறு திருடவில்லை என்று காட்ட, நூல் திருடியவள் என்று பேர் வாங்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் சொன்னேன்.

“தெரியும். ஒளிச்சு எடுத்துகினு போனாத்தான் திருட்டு. நான் தெரு நடுவுல எடுத்துகினு போறேன்” என்றாள்.

அமாவாசை வந்தது. அம்மாவுக்குக் கடைசி நாள். அப்படியும் விடிந்ததும் கிணற்றடிக்குப் போய் நூலை விட்டு, முடிச்சுப் போட்டு அறுத்துக்கொண்டுதான் வந்தாள். அந்த மாதம் அரக்கு. எட்டு மணி வாக்கில் ஜீப் வந்து கிணற்றருகே நின்றது. டிரைவர் வெள்ளைப் பெயிண்டைக் குழைத்துக்கொண்டிருந்தார். அம்மா நூல் கோத்த கயிற்றை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள். நாற்பது நூல். பட்டறை வாசலில் நின்றிருந்த முதலாளி ஒரே தாவாகத் தாவி வந்தார்.

“பாருங்கய்யா! கயிறுதான்னு பாத்தா நூலுமா? அத்தினியும் என் பட்டு!”

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரிக்கு எதிரில் போய் நின்றாள்.

“சார், நீங்க எழுதினது தப்பு. இது இந்தக் கெணத்து தண்ணி. மாசாமாசம் அளந்தது.”

அதிகாரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எப்போது அளப்பாய், எப்படி அளப்பாய் என்று கேட்டார். அம்மா சொன்னாள். அமாவாசை விடியலில், இறைக்கிறதுக்கு முன்னால், கைப்பிடிச் சுவரின் அதே கல்லிலிருந்து. அவர் சுத்தியலை ஜீப்புக்குள் வைத்துவிட்டு, “அம்மா, இதைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டறீங்களா?” என்றார். அம்மாவை யாராவது ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் தெரு பாவு நீட்டுகிற தெரு. நெய்வதற்கு முன்னால் சேலையின் நீள நூல்களையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்படுத்துவார்கள். அதற்கென்றே நேராக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். அன்று அமாவாசை என்பதால் பாவும் இல்லை, தெரு காலி. அம்மா கரியால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கோட்டில் எல்லா நூலின் தலையையும் வைத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தெரு நீளத்துக்கு விரிக்க ஆரம்பித்தாள். நான் மறுமுனையில் பிடித்தேன். காற்றடித்தது, நூல் கோணியது, ஒன்றோடொன்று சிக்கியது.

இங்கேதான் பாருங்கள். நெசவாளி கண்ணுக்கு முன்னால் ஒரு இழை கோணலாகக் கிடந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. பகையாளி வீட்டுப் பாவு அறுந்தாலும் குனிந்து முடிபோட்டுவிட்டுத்தான் முறைப்பான். முதலில் ஒரு அக்கா வந்து முனையைப் பிடித்தாள். பிறகு ரெண்டு பேர். கூழாங்கல் பொறுக்கி வந்து முனைக்கு முனை வைத்தார்கள்.  கொஞ்ச நேரத்தில் தெருவே மண்டி போட்டு உட்கார்ந்து எங்கள் நூலை நேராக்கிக்கொண்டிருந்தது. நாட்டாமையும் மண்டி போட்டார்.

எல்லாம் விரித்து முடித்ததும் எழுந்து நின்று பார்த்தோம். நூல்களின் கடைசி நுனிகள் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு அலையாகப் போயின. அதிகாரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். தெருக்காரர்களோ படிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“இந்தக் கிளிப்பச்ச, இது ஆத்துல வெள்ளம் வந்த மாசம். இத்துனூண்டு கீது பாரு.”

“இந்த மாம்பழ மஞ்ச, நம்ம தறி நின்னு போச்சே, அந்தக் கோட. எம்மா நீளம்!”

நாட்டாமை ஒரு வாடாமல்லி நிற நூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இது எம் பொண்ணு கல்யாண மாசம். பந்திக்கு ஒத்த ஆளே எறைச்சி முடிச்சிட்டான், தண்ணி அவ்ளோ மேல இருந்துச்சி” என்றார். நூலைத் தடவினார். பிறகு அதிகாரியைப் பார்த்து எழுந்து கைகூப்பினார்.

“சார், அன்னிக்கி நீங்க அளந்தது ஆத்துத் தண்ணி. நாங்கதான் கொண்ணாந்து ஊத்தினோம். மரியாத போயிடுமேன்னு ஊத்தினோம். இந்தம்மா மேல தப்பே இல்ல.”

முதலாளி விடவில்லை. “அது சரி, நூலு யாருது?” என்றார். நாட்டாமை குனிந்து ஒரு நூலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “விரக்கடைக்கு விரக்கட முடி போட்டுகீது. இது தொடப்பத்துல வர்ற நூலு. இத உன் தறியில ஏத்துவியா நீ? ஏத்துவேன்னு சொல்லு, இப்பவே அந்தம்மாவ போலீசுல குடுக்கலாம்.” முதலாளி நூலைப் பார்த்தார், பட்டறைப் பக்கம் திரும்பி நடந்தார்.

அதிகாரி நேரே கிணற்றுக்குப் போய்ச் சாக்கட்டி தேய்த்த நாடாவை விட்டு எடுத்தார். வந்து அதே நாடாவை அன்று காலையில் அம்மா அறுத்த அரக்கு நூலின் பக்கத்தில் வைத்தார். நாற்பத்தொன்றரை அடி. நூல் அதைவிட ரெண்டு விரல் குறைவு. “ரெண்டு வெரலு எங்க போச்சி?” என்று அம்மா கவலையாகக் கேட்டாள். அவர் சிரித்தார். “காலையிலேர்ந்து யாராவது ரெண்டு குடம் எடுத்திருப்பாங்கம்மா” என்றார். பக்கத்து வீட்டு அத்தை, “நான்தான் எடுத்தேன்” என்று பின்னாலிருந்து கத்தினாள்.

அவர் மதியம் வரை தரையில் உட்கார்ந்து நாற்பது நூலையும் அளந்து எழுதினார். நான்தான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். முப்பத்தொன்று என்று எழுதியிருந்ததை என் கண் முன்னால் அடித்தார். கிளம்பும்போது அந்த அரக்கு நூலிலிருந்து ஒரு சாண் கேட்டார். அம்மா பல்லால் கடித்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம்.

மறுநாள் கிணற்றடியில் ஐம்பத்தைந்து அடிப் புதுக் கயிறு கிடந்தது. முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. கயிற்றை எடுத்து ராட்டினத்தில் போட்டு, அன்றைக்கு இறைக்க வேண்டியதை இறைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு யார் வீட்டில் விசேஷமென்றாலும், கிணற்றில் தண்ணீர் எப்படி என்று முதலில் வந்து அவளைத்தான் கேட்பார்கள். அவள் கை இறைப்பதை விடுகிற வரை அமாவாசைக்கு நூல் விடுவதையும் விடவில்லை. டப்பா மட்டும் பிற்பாடு எங்கேயோ போய்விட்டது. நான் கல்யாணமாகிப் போனேன், வீடு மாறியது, மழையில் ஒரு தடவை பரண் இடிந்தது. அம்மா போனபோது அந்த டப்பாவைத் தேடித் தேடி அழுதேன். அவளுடையது என்று வைத்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

சரி, இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் என்கிறீர்களா? போன மாதம் அந்தத் தெருவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். சுவரில் வெள்ளைப் பெயிண்ட் நம்பர் மட்டும் புதிதாக இருக்கிறது. ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் வலையைத் திறந்து உள்ளே நாடா விட்டுக்கொண்டிருந்தாள். அதே இலாகா. இப்போது நாடா தண்ணீரைத் தொட்டால் கீச்சென்று சத்தம் போடுகிறது. நான் நின்று பார்ப்பதைப் பார்த்து, “இந்த ஏரியாவா பாட்டிம்மா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. இந்தக் கெணத்துல பன்னெண்டு கொடம் ஊத்தியிருக்கேன்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை, ஆனால் பேச்சுக் கொடுத்தாள். இந்தப் பக்கத்துக் கிணறுகளிலேயே இதற்குத்தான் பழைய கணக்கு இருக்கிறதாம். முதல் நாற்பது அளவும் அமாவாசை அமாவாசையாக விழுந்திருக்கிறதாம். ஏன் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாதாம். “பழைய ரிஜிஸ்டர போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க” என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

பழுப்பேறிய தாள். இங்க் பேனா எழுத்தில் நாற்பது வரி. அதன் ஓரத்தில், துருப்பிடித்த குண்டூசி ஒன்றில், ஒரு சாண் நூல் சுருட்டிக் குத்தியிருந்தது. நிறம் போகவில்லை. அரக்கு.

“இது என்ன நூல்னே எங்களுக்குத் தெரியல” என்றாள் அந்தப் பெண்.

 தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“திருட்டு நூல் இல்லம்மா. எங்கம்மா நூலு.”